லண்டன் புளூம்பெர்க் தலைமையகமும் தெலுக் ஆயர் கடைவீடுகளும்: எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி
எழுதியவர்: தஞ்சோங் பகார் அலுவலகப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். சுமார் இருநூறு பேர் பணிபுரியும் நிறுவனம் ஒன்றில் அலுவலக இடம், பராமரிப்பு ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் கோபுரக் கட்டடத்தின் ஒப்பந்தம் முடியப்போவதால், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட் பக்கம் அடுத்தடுத்து இருக்கும், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட ஐந்து பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளைச் சேர்த்து எடுத்து, அவற்றையே தலைமையகமாக மாற்றிக்கொள்ளலாமா என்று மேலிடம் யோசித்து வருகிறது.

எங்கள் தலைமை நிர்வாகி அண்மையில் லண்டன் சென்றிருந்தபோது புளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகத்தைப் பார்த்து மிகவும் கவரப்பட்டுத் திரும்பியிருக்கிறார். ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைத்து 2017இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், பிரீயம் எனப்படும் பிரிட்டிஷ் பசுமை மதிப்பீட்டில் 98.5 விழுக்காடு பெற்றது என்பதும், வழக்கமான அலுவலகக் கட்டடத்தோடு ஒப்பிடும்போது தண்ணீரில் 73 விழுக்காடும் எரிசக்தியில் 35 விழுக்காடும் மிச்சமாகும் என்று கணிக்கப்பட்டது என்பதும் இப்போது எங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசப்படுகின்றன. பழைய ஊரின் நடுவே அவர்களால் செய்ய முடிந்ததை நம்மால் ஏன் செய்ய முடியாது என்று அவர் கேட்கிறார். பதில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் எந்தெந்த ஏற்பாடுகள் நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பொருந்தும்? நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட கடைவீட்டுக்குள் அவற்றைப் பொருத்த இடம் இருக்குமா? இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று: பழைய கட்டடத்தில் குடியேறுவதே பசுமை என்று சொல்லிக்கொண்டு, உள்ளே மின்சாரத்தை வாரி இறைக்கும் நிலைக்குப் போய்விடுவோமோ என்பதுதான். துறையில் இருப்பவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: வால்புரூக் முன்னாள் ஊழியர்

அந்தக் கட்டடத்துக்கு அருகில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிர்வாகி பார்த்தது பழைய கட்டடத்துக்குள் அமைந்த புதிய அலுவலகம் அன்று. பழைய நகரத்தின் நடுவே, ஏற்கெனவே இருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டு, புதிதாக எழுப்பிய கட்டடம் அது. இடிக்கப்பட்ட பக்லர்ஸ்பரி ஹவுஸ் 1950களில் கட்டப்பட்டது. அரை நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலாக நின்றது. நீங்கள் செய்ய நினைப்பது, நிற்பதை நிற்கவிட்டு உள்ளே குடியேறுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் தொடக்கத்திலேயே கணக்குத் தவறிவிடும்.

அந்த மனையின் கதை தெரிந்தால் அந்தக் கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். 1954இல் பக்லர்ஸ்பரி ஹவுஸுக்கு அடித்தளம் தோண்டியபோதுதான் மித்ராஸ் தெய்வத்தின் ரோமானியக் கோவில் வெளிப்பட்டது. அதைப் பார்க்க மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். விவகாரம் பிரிட்டிஷ் அமைச்சரவை வரை போனது. ஆனாலும் கட்டுமானத்தை நிறுத்த மனமில்லாமல் கற்களைப் பெயர்த்தெடுத்து, 1962இல் சற்றுத் தள்ளி, தெரு மட்டத்தில், சிமெண்டு பூசி மீண்டும் அடுக்கிவைத்தார்கள். பார்த்தவர்களுக்கு அது கோவிலாகவே தோன்றியிருக்காது. புளூம்பெர்க் அந்த மனையை வாங்கிய பிறகு 2010 முதல் 2014 வரை லண்டன் அருங்காட்சியகத் தொல்லியல் அமைப்பினர் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். வால்புரூக் என்ற மறைந்துபோன ஓடையின் ஈரச் சேறு மரத்தையும் தோலையும் அழுகாமல் காத்து வைத்திருந்ததால் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றுள் 405 மரப்பலகைகள் எழுதுபலகைகள். மேலே பூசியிருந்த மெழுகு கரைந்துபோயிருந்தாலும், எழுத்தாணி மெழுகைத் தாண்டி மரத்தில் பதித்த கீறல்களை வைத்து ரோஜர் டாம்லின் என்ற அறிஞர் பலவற்றைப் படித்துக் காட்டினார். கி.பி. 57ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதியிட்ட ஒரு பலகையில், விற்ற சரக்குக்காக 105 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) கடன்பட்டிருப்பதாக விடுதலை பெற்ற அடிமை ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். லண்டன் நிதி வட்டாரத்தின் தேதியிட்ட மிகப் பழைய ஆவணம் ஒரு கடன் பத்திரம் என்பதும், அது நிதித் தகவல் விற்கும் நிறுவனத்தின் மனையிலேயே கிடைத்தது என்பதும் யாரும் திட்டமிட்டிருக்க முடியாத பொருத்தங்கள்.

அந்தக் கோவில் இப்போது தெரு மட்டத்துக்கு ஏழு மீட்டர் கீழே, பழைய இடத்துக்கு அருகிலேயே, இலவசமாகப் பார்க்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. மேலே உள்ள கட்டடம் பத்து மாடிகளோடு நின்றுவிடுகிறது. செயின்ட் பால் தேவாலயத்தின் தோற்றத்தை மறைக்காதிருக்க 1930களிலிருந்தே அந்த வட்டாரத்தில் உயரக் கட்டுப்பாடு உண்டு. கட்டடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, நடுவே வாட்லிங் ஸ்திரீட் என்ற ரோமானியச் சாலையின் தடத்தில் உணவகங்கள் வரிசையாக அமைந்த ஒரு பாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. பழைய நகரத்துக்கு அந்தக் கட்டடம் செய்த உண்மையான மரியாதை அந்தப் பாதைதான் என்பது என் கருத்து. மழை நாளில் அந்த வழியே குறுக்கே நடந்துபோனவர்களுக்கு உள்ளே எத்தனை விழுக்காடு மிச்சம் என்பது தெரியாது. நடக்க வழி கிடைத்தது என்பது தெரியும். உங்கள் கடைவீடுகளில் அதற்கு இணையானது, முன்பக்கம் மேல்மாடிக்குக் கீழே பொதுமக்கள் நடக்க விட்டிருக்கும் ஐந்தடி நடைபாதை. அதைச் செடித்தொட்டிகளாலும் நிறுவனப் பெயர்ப்பலகைகளாலும் அடைத்துவிடாமல் இருந்தாலே பாதி லண்டன் வந்துவிடும்.

உங்கள் நிர்வாகி கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றும் இருக்கிறது. அந்த நிறுவனமே மனையின் உரிமையாளர், அந்த நிறுவனமே அங்கே குடியிருக்கிறது. முப்பது ஆண்டுகளில் திரும்பி வரும் செலவை வாடகைக்கு இருப்பவர் செய்யமாட்டார், அவர்கள் செய்தார்கள்.


பதில் 2
எழுதியவர்: சில்லர் பொறியாளர்

தொழில்நுட்பத்தை மட்டும் பேசுகிறேன். அந்தக் கட்டடத்தில் பொறியாளர்கள் வியக்கும் அம்சங்கள் இரண்டு: வெண்கலத் தகடுகள் திறந்து மூடும் முகப்பும், இருபத்தைந்து லட்சம் அலுமினிய இதழ்களால் ஆன உட்கூரையும்தான். இரண்டையும் அப்படியே இங்கே கொண்டுவந்தால் இரண்டுமே காலை வாரிவிடும்.

முகப்பை எடுத்துக்கொள்வோம். லண்டனில் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்று அலுவலகத்தின் உட்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களும் அவர்களுடைய கணினிகளும் சூடாக்கும் உட்பகுதியைக் குளிர்விக்க அங்கே ஜன்னலைத் திறந்தாலே பெரும்பாலும் போதும். இதமான நாள்களில் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கட்டடம் தானே மூச்சுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் பகலில் 31, 32 பாகை, இரவிலும் 24, 25 பாகை, ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி. வெளிக்காற்றை உள்ளே விடுவது நமக்குக் குளிரூட்டல் அன்று, குளிர்பதனத்துக்குக் கூடுதல் சுமை. ஆகவே ‘இயற்கைக் காற்றோட்டம்’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதும்போது எச்சரிக்கையாக இருங்கள். நடைபாதை, மாடிப்படி, உணவருந்தும் இடம் ஆகியவற்றுக்கு அது சரி. மேசையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரிவராது.

உட்கூரை இன்னும் நுட்பமான சங்கதி. அந்த இதழ்கள் குளிர்ச்சி, ஐந்து லட்சம் எல்இடி விளக்குகளின் ஒளி, சத்தத்தை அடக்குவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே அடுக்கில் செய்கின்றன. குளிர்ந்த நீர் உட்கூரை வழியாக ஓடி அறையைக் குளிர்விக்கும் முறை காற்றை ஊதிக் குளிர்விப்பதைவிடச் சிக்கனமானது. சிங்கப்பூரிலும் சில புதிய கட்டடங்களில் இந்த வகை ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அறைக்குள் 25 பாகை வெப்பமும் அறுபது விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 17 பாகைக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கத் தொடங்கும். வெளிக்காற்று 30 பாகையும் எழுபத்தைந்து விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால் அந்த எல்லை 25 பாகைக்கு ஏறிவிடும். நூறு ஆண்டுக்கு முந்திய மரச் சட்டங்களும் இடுக்குவிட்ட பலகைக் கதவுகளும் உள்ள கடைவீட்டில் வெளிக்காற்று எங்கிருந்தெல்லாம் நுழைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மதியம் ஒருவர் முன்கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சரக்கு இறக்கினால், மூன்று மணிக்கு உட்கூரையிலிருந்து உங்கள் கணக்குப் பிரிவின் காகிதங்கள்மேல் சொட்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2019இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் அளவுக்குக் கூரையிலேயே மின்சாரம் தயாரித்துக்கொள்ளும் நோக்கத்தோடு கட்டப்பட்டது அது. அங்கே ஈரம் குறைத்த புதிய காற்றை வழக்கத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே அனுப்பி, மின்விசிறிகளைச் சுழலவிட்டு, உடலுக்குக் குளிர்ச்சியான உணர்வைக் கொடுக்கிறார்கள். வெப்பநிலை இரண்டு மூன்று பாகை கூடினாலும் காற்று அசைந்துகொண்டிருந்தால் மனிதர்களுக்குத் தெரிவதில்லை. உயரமான கூரையுள்ள கடைவீட்டு மேல்மாடிக்கு இந்த முறை மிகப் பொருத்தமானது. அரசாங்க அலுவலகங்களிலேயே 25 பாகைக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது நடைமுறை. தனியார் அலுவலகங்கள்தான் 21, 22 என்று வைத்துவிட்டு ஊழியர்களைக் கம்பளிச் சட்டையோடு உட்காரவைக்கின்றன.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். லண்டனில் கூரை மழைநீர், குளிர்பதன இயந்திரங்களின் சூட்டை வெளியேற்றும் குளிர்கோபுரத்திலிருந்து வெளியேறும் நீர், கைகழுவும் தொட்டி நீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து, விமானத்தில் இருப்பது போன்ற உறிஞ்சுவகைக் கழிப்பறைகளுக்கு அனுப்புகிறார்கள். ஐந்து கடைவீடுகளுக்கு உறிஞ்சு குழாய்களும் பம்புகளும் வைத்துப் பராமரிப்பது வீண். நம்மிடம் அவர்களுக்கு இல்லாத ஒரு வரவு உண்டு: காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும்போது குளிரூட்டிகளிலிருந்து நாள் முழுவதும் வடியும் நீர். பெரும்பாலான கடைவீடுகளில் அது ஒரு சிறு குழாய் வழியே சாக்கடைக்குப் போய்விடுகிறது. அதை ஒரு தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விட்டாலே போதும். பெரிய கோபுரக் கட்டடங்கள் குளிர்கோபுரத்துக்குப் புதுநீரை, அதாவது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நியூவாட்டரை, பயன்படுத்துகின்றன. கடைவீட்டில் குளிர்கோபுரமே இராது என்பதால் அந்தக் கேள்வி எழாது.

கடைசியாக, குளிரூட்டிகளின் வெளி அலகுகளை எங்கே வைப்பது என்பது. தெருப்பக்கம் தெரியும்படி வைக்க முடியாது; ஆகவே எல்லாரும் பின்சந்துப் பக்கமோ, காற்றும் வெளிச்சமும் வர வீட்டின் நடுவே திறந்துவிட்ட காற்றுக்கிணற்றுக்குள்ளோ அடுக்கிவிடுகிறார்கள். ஓர் அலகு ஊதும் சூடான காற்றை அடுத்த அலகு உறிஞ்சிக்கொள்கிறது. பட்டியலில் போட்டிருக்கும் செயல்திறன் காகிதத்தோடு நின்றுவிடும். பின்பகுதித் தட்டைக்கூரையில் போதிய இடைவெளியோடு வைக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாது என்றால் அந்தக் கடைவீடுகள் இருநூறு பேருக்கான அலுவலகம் ஆகா.


பதில் 3
எழுதியவர்: கணக்குப் பிள்ளை

எல்லாரும் 98.5 என்ற எண்ணைச் சுற்றியே வருகிறீர்கள். அந்தக் கட்டடத்துக்கு ஜப்பானிலிருந்து 600 டன் வெண்கலம் வந்தது. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கருங்கல் போனது. 2018இல் அதற்கு பிரிட்டனின் கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு கொடுத்தபோது அங்கேயே பலர் இதைச் சுட்டிக்காட்டி முகம் சுளித்தார்கள். சுமார் நூறு கோடி பவுண்டு செலவழித்தால் எந்தத் தேர்விலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கலாம். மதிப்பெண் வடிவமைப்புக் கட்டத்தில் கொடுக்கப்பட்டது என்பதையும் மறந்துவிட வேண்டாம். திறந்த பிறகு மின்மீட்டர் என்ன காட்டியது என்பது வேறு கேள்வி. சிங்கப்பூரில் பெரிய வர்த்தகக் கட்டடங்களின் உரிமையாளர்கள் 2013 முதல் ஆண்டுதோறும் எரிசக்திப் பயனீட்டுக் கணக்கைக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கொடுத்தாக வேண்டும். விருதைவிட நான் அதைத்தான் நம்புவேன்.


பதில் 4
எழுதியவர்: சுண்ணாம்புச் சுவர்

கணக்குப் பிள்ளை ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வெண்கலமும் அந்தக் கட்டடத்தின் முகப்பில் உள்ள மணற்கல்லும் இருநூறு ஆண்டு நிற்கும். அவ்வளவு காலம் அந்தக் கட்டடத்தை நிற்கவிடுவார்கள் என்றால் அந்தக் கரிமச் செலவு, அதாவது பொருள்களைத் தயாரித்து ஏற்றிவந்து கட்டும்போது வெளியாகும் கரிமம், நியாயமாகிவிடும். ஆனால் அதே மனையில் முன்னிருந்த கட்டடத்தை அரை நூற்றாண்டில் இடித்தவர்கள் இதை மட்டும் விட்டுவைப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கல்லில் இல்லை. சட்டத்தில்தான் இருக்க முடியும். அந்தச் சட்டம் உங்கள் கடைவீடுகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ முதலிய வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. தெலுக் ஆயர் அதில் அடக்கம். இன்று தீவு முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் சுவர்களுக்கான செங்கல் சுட்டு, ஏற்றி, அடுக்கி முடித்து நூறாண்டு ஆகிவிட்டது. புதிய கட்டடத்தின் தொடக்கக் கரிமச் செலவில் பெரும்பகுதி அடித்தளத்திலும் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றிலும்தான் போகிறது என்பதால், அந்தச் செலவு உங்களுக்கு அநேகமாக இல்லை. நிர்வாகிக்கு எழுதும் அறிக்கையில் முதல் பத்தியாக இதைப் போடுங்கள்.

இனி என் தொழில். பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சுவர் வழியாக வெளியே ஆவியாகும். அந்தச் சுவர் அப்படித்தான் உயிரோடு இருக்கிறது. அலுவலகமாக மாற்றுபவர்கள் முதலில் செய்யும் காரியம், உள்சுவரில் சிமெண்டுப் பூச்சு பூசி, அதன்மேல் கழுவித் துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் வகைச் சாயம் அடிப்பது. பிறகு உள்ளே 22 பாகைக்குக் குளிரூட்டுகிறார்கள். வெளியிலிருக்கும் ஈரம் குளிர்ந்த உட்பக்கத்தை நோக்கி நகரும், வெளியேற வழியில்லாமல் சாயத்துக்குப் பின்னால் தேங்கும். சில மாதங்களில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சாயம் கொப்புளம் போட்டு, அதை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருப்பது தெரியும். உடனே யாரோ ஒருவர் வந்து இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொல்வார். அடிக்க அடிக்க நிலைமை மோசமாகும். சுண்ணாம்புப் பூச்சும், மூச்சுவிடும் கனிமச் சாயமும் போட்டு, உள்வெப்பநிலையை 25க்கு மேல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. சில்லர் பொறியாளர் மின்சாரத்துக்காகச் சொன்ன அதே 25 பாகை, சுவருக்கும் மருந்து.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இங்கே கிடைப்பது அரிது, கூலியும் அதிகம். ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1856க்கும் 1861க்கும் இடையே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உட்சுவர்களுக்கு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்பைப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தக் கலவை புதியதன்று. அந்தப் பரம்பரை அறுந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அமைப்பைப் பொறுத்தவரை உங்கள் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மரபுடைமை வட்டாரத்தில் வரும் கடைவீட்டில் முகப்பு மட்டுமின்றி முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும். ஓட்டுக்கூரை, மரத் தளங்கள், அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையிலான பொதுச்சுவர்கள், காற்றுக்கிணறு எல்லாம் அதில் சேரும். ஐந்து வீடுகளையும் இணைக்கப் பொதுச்சுவர்களில் வழி திறக்க அனுமதி கிடைக்கலாம். ஆனால் சுவர் சுவராகத் தெரிய வேண்டும். ஒரே கூடமாக்கிவிட முடியாது. ஒவ்வொரு வீடும் ஐந்து ஆறு மீட்டர் அகலம்தான். புளூம்பெர்க்கில் மாடிக்கு மாடி சுழன்று இறங்கும் அந்தப் பெரிய சாய்தளத்தில் எல்லாரும் எதிர்ப்படுவதற்காகவே கட்டடத்தை வளைத்தார்கள். உங்களிடம் இருப்பது செங்குத்தான மரப்படி. சக்கர நாற்காலியில் வரும் ஊழியருக்கு மின்தூக்கி எங்கே வரும் என்பதை மற்ற எதற்கும் முன்னால் முடிவுசெய்யுங்கள். பெரும்பாலும் பின்பகுதியில் மட்டும்தான் இடம் இருக்கும்.

முந்திய குத்தகைதாரர்கள் மூடிவைத்திருக்கும் காற்றுக்கிணறு ஒன்றாவது இருக்கும். கண்ணாடிக் கூரை போட்டு அறையாக்கியிருப்பார்கள். அதைத் திரும்பத் திறந்து, அதைச் சுற்றி மாடிப்படி, உணவருந்தும் இடம், பேசிக்கொண்டிருக்கும் இடம் ஆகியவற்றைக் குளிரூட்டாமல் வைத்தால், பொறியாளர் சொன்ன ஏற்பாட்டுக்கு இயல்பான எல்லைக்கோடு கிடைத்துவிடும். நடுப்பகுதிக்குப் பகல் வெளிச்சமும் வரும். வீடு கட்டியவர்கள் அதற்காகத்தான் அதை வைத்தார்கள்.

லண்டன் வரை போகாமலே உங்கள் நிர்வாகிக்குக் காட்ட இங்கே இடங்கள் உண்டு. பீச் ரோட்டில் உள்ள சவுத் பீச் அதே ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸின் வேலை. பழைய ராணுவ முகாம் கட்டடங்களை வைத்துக்கொண்டு, கோபுரங்களுக்கும் அவற்றுக்கும் மேலாக அலைபோன்ற ஒரு நிழற்கூரையை இழுத்திருக்கிறார்கள். அதே கட்டடக்கலைஞர்கள் நம் வெயிலைப் பார்த்ததும் முதலில் நிழலைத்தான் யோசித்தார்கள் என்பதை அங்கே நடந்தால் உணரலாம். ஆனால் அங்கும் அலுவலகங்கள் புதிய கோபுரத்தில்தான் இருக்கின்றன. பழைய கட்டடத்துக்குள்ளேயே ஒரு தலைமையகம் இயங்குவதைப் பார்க்க வேண்டுமானால் ஹில் ஸ்திரீட் பழைய காவல் நிலையத்தைக் காட்டுங்கள். 1934இல் கட்டப்பட்ட அதன் 927 ஜன்னல்களின் வண்ணங்களைப் படமெடுக்காத சுற்றுப்பயணி இல்லை. உள்ளே அமைச்சு அலுவலகம் நடக்கிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.


கேள்வி எழுப்பியவர்
எழுதியவர்: தஞ்சோங் பகார் அலுவலகப் பொறுப்பாளர்

எல்லாருக்கும் நன்றி. 25 பாகையும் மின்விசிறியும் திறந்த காற்றுக்கிணறும் எங்கள் அறிக்கையில் உறுதியாக இடம்பெறும். இன்னொன்றையும் தெளிவுபடுத்தினால் நல்லது. கடைவீடுகளை நாங்கள் வாங்கப்போவதில்லை. மூன்று ஆண்டுக் குத்தகை, பிறகு மூன்று ஆண்டு நீட்டிப்பு என்றே உரிமையாளர் பேசுகிறார். சுண்ணாம்புப் பூச்சு, காற்றுக்கிணறு ஆகியவற்றுக்கு நாங்கள் செலவழிப்பது பொருத்தமாக இருக்குமா?


பதில் 5
எழுதியவர்: கணக்குப் பிள்ளை

இந்தத் தகவலை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும். சுவர், கூரை, காற்றுக்கிணறு ஆகியவை உரிமையாளரின் சொத்து. அவற்றின் செலவு அவருடையது அல்லது வாடகையில் கழிக்கப்பட வேண்டியது. வால்புரூக் நண்பர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்: லண்டனில் உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவர். உங்களிடம் அவர்கள் இருவர்.

இங்குள்ள அலுவலகக் குத்தகைகளில், காலம் முடிந்து வெளியேறும்போது இடத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி பொதுவாக இருக்கும். அதன்படி, நீங்கள் போட்ட தடுப்புச் சுவர், உட்கூரை, தரைவிரிப்பு, மின்கம்பிகள் எல்லாவற்றையும் பெயர்த்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டு வெற்று இடத்தை ஒப்படைப்பீர்கள். அடுத்து வருபவர் அதே போன்ற தடுப்புச் சுவரையும் உட்கூரையையும் புதிதாக வாங்கிப் போடுவார். நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனம், நல்ல நிலையில் இருந்த மரத்தடுப்புகளைக் காசு கொடுத்து இடித்துவிட்டு வெளியேறிய அதே மாதத்தில், புதிய குத்தகைதாரர் கிட்டத்தட்ட அதே இடங்களில் தடுப்பு எழுப்பிக்கொண்டிருந்தார். மதிப்பெண் பட்டியல் எதிலும் அந்தக் குப்பை வராது. நிறுவனத்தின் பெயரில்தான் கிரீன் மார்க் என்ற சிங்கப்பூர்ப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே கட்டடக்கலைஞரை அமர்த்துவதற்கு முன்னால் வழக்கறிஞரை அமர்த்துங்கள். அந்த விதியை நீக்கச் சொல்லுங்கள். முழுவதும் நீக்க மறுத்தால், உரிமையாளர் ஏற்கும் பொருள்களை அப்படியே விட்டுச்செல்லலாம் என்றாவது திருத்தச் சொல்லுங்கள். நீட்டிப்பு உங்கள் விருப்பம் என்று எழுதி வாங்குங்கள். மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டு உறுதியானால் காற்றுக்கிணற்றைத் திறக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ள உரிமையாளரிடம் பேச உங்களுக்குப் பிடி கிடைக்கும். சுண்ணாம்புப் பூச்சை அவரே போட்டுத் தர வேண்டும் என்று கேளுங்கள். தன் சுவரில் உப்புப் பூக்காமல் இருப்பதில் அவருக்கும் ஆதாயம் உண்டு. தடுப்புகளைத் தரையிலும் சுவரிலும் ஆணியடிக்காமல் நிற்கும் வகையில் வாங்கினால் அடுத்த இடத்துக்கும் எடுத்துச் செல்லலாம். நூறாண்டு மரத் தளத்தில் துளைபோட அனுமதி கேட்டு அலையவும் வேண்டாம்.

கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஐந்து வீடுகளின் கடந்த ஓராண்டு மின்கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். உரிமையாளர் தயங்கினால் இப்போதைய குத்தகைதாரரிடம் நேரே கேளுங்கள். இருநூறு பேரோடு ஒப்பிட்டு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று சில்லர் பொறியாளர் கணக்குப் போட்டுத் தருவார் என்று நம்புகிறேன்.


பதில் 6
எழுதியவர்: சில்லர் பொறியாளர்

தருகிறேன். ரசீதுகளோடு, ஒவ்வொரு வெளி அலகின் முத்திரைத் தகட்டையும் அது நிற்கும் இடத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். மதியம் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுங்கள். அலகின் பின்பக்கத்தில் உறிஞ்சும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது தெருவின் வெப்பநிலையைவிட ஐந்து பாகை கூடுதலாக இருந்தால், வாடகையைப் பேசுவதற்கு முன் தட்டைக்கூரை இடத்தைப் பேசிவிடுங்கள்.